ஏஏ தங்கவில்லை, பிசி தங்கியது: மலையகத்திலிருந்து ஒரு கருத்தரிப்புச் சிகிச்சைக் கோப்பு

கண்டியில் உள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு நிலையத்தின் ஆய்வுகூடத் தாள் அது. ஐவிஎஃப் முறையில், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் கருக்கட்டவைத்து, உருவாக்கிய மூன்று கருக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தரத்தைச் சொல்லும் கிரேடோடு (ஏ உயர்வு, சி தாழ்வு): 4ஏஏ, 4ஏபி, 3பிசி. முதலாவது ஒட்டவே இல்லை. இரண்டாவது ஒட்டி, சில நாளில் கரைந்தது. "வைத்துப் பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்" என்று சொல்லப்பட்ட மூன்றாவது, 2024 செப்டெம்பரில் 2.6 கிலோ எடையுள்ள பெண் குழந்தையாகப் பிறந்தது.

இதைக் கேட்டவர்கள் உடனே "பார்த்தீர்களா, கிரேடில் ஒன்றுமே இல்லை" என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. கிரேடில் விஷயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தம்பதியின் விடயத்தில் எல்லோரும், நிலையத்து வைத்தியர்கள் உட்பட, அந்த மூன்று எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்ததில், கோப்பின் இன்னொரு மூலையில் கிடந்த ஒரு வரியை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் இந்தத் துறை நிபுணன் அல்லன். ஹட்டன் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் வெளிநோயாளர் பிரிவில் இருப்பவன். இரண்டாவது தோல்விக்குப் பிறகு இருவரும் தடித்த ஒரு கோப்போடு வந்து, "இதுல என்னதான் எழுதியிருக்குன்னு சொல்லுங்க டொக்டர்" என்று கேட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

2022இல் மனைவிக்கு வயது 33. தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு படிப்பிக்கிறார். இனி அவரை டீச்சர் என்றே சொல்கிறேன். கணவருக்கு 37. தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பக்கம் சொல்வதுபோல ஸ்டோரில், உதவி டீமேக்கர். கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நாள் தள்ளிப்போனதில்லை.

டீச்சருக்கு மாதவிடாய் ஒழுங்கு. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்எச் 2.4, அந்த வயதுக்கு நல்ல அளவு. தைரொயிட் சரி. ஈமோகுளோபின் 9.7. தோட்டப்புறப் பெண்களிடம் இந்த எண்ணை அடிக்கடி பார்த்துப் பார்த்து எங்களுக்கே பழகிவிட்டது. பழகியிருக்கக் கூடாது. இரும்புக் குறைவா, தலசீமியா காவியா என்று பிரித்துப் பார்க்காமலே மாத்திரை கொடுத்திருந்தார்கள். (பின்னால் பார்த்ததில் இரும்புக் குறைவுதான்.)

கணவரின் விந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 9 மில்லியன் அணுக்கள்; முன்னோக்கி நீந்துபவை 24 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைந்நூல் சொல்லும் கீழெல்லை 16 மில்லியன், 30 சதவீதம். வேலை நேரத்தில் பாதி அவர் நிற்பது தேயிலையைச் சூட்டில் உலர்த்தும் ட்ரையருக்குப் பக்கத்தில். விரைகள் உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். சூட்டில் நிற்கும் தொழில்களில் எண்ணிக்கை குறைவதுண்டு. இவருக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது என்பதால், மூன்று மாதம் வேறு பகுதிக்கு மாறி மறுபடி பரிசோதித்துப் பார்த்திருக்கலாம். செலவில்லாத வேலை. யாரும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் கோப்பில் இருந்தன. பதினொரு வயதில் டீச்சருக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்து, இரவில் தோட்டத்து லொறியில் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். படிவத்தில் அது "சிறுவயதில் அப்பெண்டிக்ஸ்" என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. மற்றது, 2020இல் எடுத்த எச்எஸ்ஜி படம், அதாவது கருப்பைக்குள் சாயம் செலுத்திக் கருக்குழாய்களைப் பார்க்கும் எக்ஸ்ரே. இடக் குழாய் திறந்திருக்கிறது. வலக் குழாயில் சாயம் நுனிவரை போகிறது, வெளியே சிந்தவில்லை, நுனி வீங்கியிருக்கிறது. இந்த வரியை நிலையத்தில் படிக்காமல் இல்லை. படித்துவிட்டு, "ஐவிஎஃப் குழாயைத் தாண்டிப் போகிற சிகிச்சைதானே, அடைப்பு இருந்தால் என்ன?" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பதினான்கிலிருந்து மூன்று

பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டா நடந்துகொண்டிருந்த 2022 செப்டெம்பரில் ஐவிஎஃப் சுற்று தொடங்கியது. நகை அடகு, சீட்டு, கூட்டுறவுச் சங்கக் கடன் என்று மூன்று பக்கமும் புரட்டிய பணம். பத்து நாள் ஊசி; வீட்டுக்கு வந்து போட்டுவிட்டவர் பக்கத்துத் தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸி. எடுத்த முட்டைகள் 14. அவற்றில் முதிர்ந்தவை 11. விந்தணு குறைவு என்பதால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஓர் அணுவை ஊசியால் செலுத்தும் இக்சி முறை. மறுநாள் காலையில் 8 கருக்கட்டியிருந்தன. மூன்றாம் நாள் 7. ஐந்தாம் நாள் 3.

"பதினாலு எடுத்தாங்கன்னா மிச்சம் பதினொண்ண என்ன பண்ணாங்க?" என்று மாமியார் கேட்டாராம். சந்தேகம் நியாயமானதுதான், அவ்வளவு பணம் கொடுத்த பிறகு. ஆனால் இது நல்ல ஆய்வுகூடத்திலும் நடக்கிற தேய்வு. முட்டைகளில் ஐந்தில் நான்கு முதிர்ந்திருக்கும். அவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி கருக்கட்டும். கருக்கட்டியவற்றில் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோதான் ஐந்தாம் நாளின் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வரும். இவர்களுடைய எண்கள் அந்த வரம்புக்குள்தான்.

மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் ஏன் இந்தச் சரிவு? முதல் இரண்டு மூன்று நாள் கரு, முட்டை தன்னோடு கொண்டுவந்த சாமான்களை வைத்தே காலம் தள்ளுகிறது. நான்கு முதல் எட்டுக் கலங்கள் ஆகும்போதுதான் அதன் சொந்த மரபணுக்கள் வேலையைக் கையில் எடுக்கின்றன. தகப்பன் பக்கத்துக் குறை ஏதாவது இருந்தால் அப்போதுதான் வெளிப்படும். நிறமூர்த்தக் (குரோமோசோம்) கணக்குப் பிழைத்த கருக்களில் பலவும் இங்கேயே நின்றுவிடும். 9 மில்லியன் என்ற எண்ணுக்கு இந்தச் சரிவில் பங்கு இருந்திருக்கலாம்.

கிரேடு எதைப் பார்க்கிறது

4ஏஏ என்ற எழுத்துமுறை 1999இல் கார்ட்னர், ஸ்கூல்கிராஃப்ட் என்ற இரு கருத்தரிப்பு நிபுணர்கள் வகுத்தது. இன்று உலகில் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் இதையோ இதன் சாயலையோ பாவிக்கின்றன.

முன்னால் வரும் எண் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று சொல்கிறது. 1 என்றால் உள்ளே நீர்க்குழி இப்போதுதான் தோன்றுகிறது. 3 என்றால் குழி கருவை நிரப்பிவிட்டது. 4இல் கரு பெருத்து வெளி ஓடு மெலிந்திருக்கும். 5இல் ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது, 6இல் வந்துவிட்டது. அடுத்த எழுத்து, பிள்ளையாக வளரப்போகும் உள் கலக்கூட்டத்துக்கு: நெருக்கமாக நிறைய இருந்தால் ஏ, தளர்வாக இருந்தால் பி, விரல்விட்டு எண்ணலாம் என்றால் சி. கடைசி எழுத்து நஞ்சுக்கொடியாகப் போகும் வெளி வரிசைக் கலங்களுக்கு. கருப்பைச் சுவரில் போய் ஒட்ட வேண்டியவை இவைதான். ஆகவே 3பிசி என்றால், விரிவு கொஞ்சம் பின்தங்கியது, உள்கூட்டம் சுமார், ஒட்டவேண்டிய வரிசை மெலிவு. கடைசி எழுத்து சி என்பதால் நிலையத்தில் தயங்கியதில் தவறில்லை. வெளி வரிசை நன்றாக இருக்கும் கருக்கள் கூடுதலாக ஒட்டுகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இவ்வளவும் நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்துச் சொல்வது. ஒரே கருவுக்கு இரண்டு கருவியலாளர்கள் வெவ்வேறு எழுத்துப் போடுவதுண்டு. காலையில் 3 ஆக இருப்பது மாலையில் 4 ஆகலாம்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது கணவர் இடையில் புகுந்தார். "எங்க ஸ்டோர்ல பீஓபீஎஃப்ங்கிறது தூளோட அளவுங்க டொக்டர். சல்லடை பிரிச்சுக் குடுக்கிறது. ருசி வேணும்னா கப்புல ஊத்தித்தான் பாக்கணும்." பாதிக்குச் சரியான ஒப்பீடு. தேயிலையில் தூளின் அளவுக்கும் ருசிக்கும் அப்படி நேர்த் தொடர்பு கிடையாது. கருவில் தோற்றத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் ஓரளவு தொடர்பு உண்டு. நல்ல கிரேடுக் கருக்களில் நிறமூர்த்த எண்ணிக்கை சரியாக இருப்பவை சற்றுக் கூடுதல். ஓரளவுதான். அழகான ஏஏ ஒன்றில் நிறமூர்த்தம் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கலாம். பார்வைக்குச் சுமாரான பிசி சரியான 46உடன் இருக்கலாம். நுண்ணோக்கிக்கு அது தெரியாது.

நிறமூர்த்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முட்டையின் வயது. 15,000க்கு மேற்பட்ட கருக்களைச் சோதித்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 35 வயதுப் பெண்களின் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் பிழை இருந்தது, 40இல் பாதிக்கு மேல், 42இல் முக்கால்வாசி. ஆகவே 42 வயதின் ஏஏயைவிட 33 வயதின் பிசிக்கு அதிக வாய்ப்பு இருக்கலாம். டீச்சரின் கருக்கள் 33 வயது முட்டையில் உருவானவை. மறை 196 பாகைத் திரவ நைதரசனில் உறைந்திருக்கும்வரை அவற்றுக்கு வயது 33தான், டீச்சருக்கு எத்தனை ஆனாலும்.

"கிரேடு கொறஞ்ச கருவுல பொறக்கிற புள்ளைக்கு எதாவது கொற இருக்குமா?" டீச்சர் தாழ்ந்த குரலில் கேட்டது இது. இல்லை. கிரேடு ஒட்டும் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறது. பிறந்த பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டு தோல்விகள்

முதல் மாற்றீடு, அதாவது கருவைக் கருப்பைக்குள் வைப்பது, ஐந்தாம் நாளே, உறைய வைக்காமல், 4ஏஏ. பன்னிரண்டாம் நாள், கர்ப்பத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான பீட்டா எச்சிஜி எதிர்மறை. இரண்டாவது, 2023 ஜனவரியில் உறைநிலையிலிருந்து எடுத்த 4ஏபி. அளவு 41 வந்தது. இரண்டு நாளில் 29ஆக இறங்கியது. ஒட்டிய கரு வளராமல் நின்றுவிட்டது.

வீட்டில் பழி விழுந்தது பாதையின் மேல். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வழியைத் தெரிந்தவர்களுக்கு அந்த வளைவுகளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. "வேன்ல குலுங்குனதுலதான் வழுக்கிருச்சு" என்று மாமியார். "பொங்கலுக்குப் பானை தூக்குனா" என்று நாத்தனார். இரண்டாவது முறை டீச்சர் இரண்டு வாரம் கட்டிலை விட்டே இறங்கவில்லை. கருப்பையின் முன் சுவரும் பின் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருப்பவை. அவற்றுக்கு நடுவே மணல் பருமன்கூட இல்லாத கரு, வேன் குலுங்கி விழுவதற்கு வழியே இல்லை. மாற்றீட்டுக்குப் பிறகு படுத்தே கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம். படுக்கை ஓய்வு எழுதிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வைத்தியர்களிடமிருந்தே இன்னும் போகவில்லை, அதுதான் எரிச்சல்.

அப்புறம் நிலையம் ஒரு பட்டியல் நீட்டியது. கருப்பைச் சுவரைச் சுரண்டிவிடுதல். சுவர் எந்த நாளில் ஏற்கத் தயார் என்று பார்க்கும் ஒரு பரிசோதனை. புதிய சுற்று ஒன்று, இந்த முறை எல்லாக் கருக்களுக்கும் நிறமூர்த்தப் பரிசோதனையோடு. மிஞ்சியிருக்கும் 3பிசியை "அடுத்த சுற்றின் கருக்களோடு பார்த்துக்கொள்ளலாம்."

இந்தப் பட்டியல்தான் அவர்களை என்னிடம் கொண்டுவந்தது. சுரண்டிவிடுதல் பற்றி 2019இல் வெளியான சோதனையில் 1,364 பெண்கள் பங்கெடுத்தார்கள்; சுரண்டிய பக்கமும் சுரண்டாத பக்கமும் குழந்தை பிறந்தது ஒரே அளவில், 26 சதவீதம். நிறமூர்த்தப் பரிசோதனைக்கு இடமுண்டு. வயது கூடியவர்கள், திரும்பத் திரும்பக் கலைந்தவர்களுக்கு யோசிக்கலாம். ஆனால் 37 வயதுக்கு உட்பட்ட, குறைந்தது மூன்று நல்ல கருக்கள் உள்ள 1,212 பெண்களிடம் சீனாவில் நடத்திய சோதனையில், பரிசோதித்து வைத்த பக்கம் 77 சதவீதத்தினருக்கும், பரிசோதிக்காமல் வைத்த பக்கம் 82 சதவீதத்தினருக்கும் முடிவில் குழந்தை கிடைத்தது. பரிசோதனை இருக்கிற கருவைச் சீராக்குவதில்லை, வடிகட்டுவதோடு சரி. ஒரே ஒரு கருவை வைத்திருப்பவர் வடிகட்ட என்ன இருக்கிறது?

எச்எஸ்ஜி வரி

எனக்கு அந்தப் பட்டியலைவிட 2020 படத்தின் வரிதான் உறுத்தியது. வெடித்த அப்பெண்டிக்ஸ் வலப்பக்கம். சீழ் பரவிய வயிற்றில் பக்கத்தில் இருக்கும் வலக் குழாயின் நுனி ஒட்டி மூடிக்கொள்வது புதினமில்லை. நுனி மூடிய குழாய்க்குள் நீர் சேர்ந்து பை போல வீங்கும்.

வெறும் அடைப்பு என்றால் ஐவிஎஃப் உண்மையிலேயே அதைத் தாண்டிப் போகும். நீர் சேர்ந்த குழாயின் கதை வேறு. நுனி மூடியிருப்பதால் அந்த நீர் எதிர்ப்பக்கம், கருப்பைக்குள் வடிகிறது. கரு ஒட்டவேண்டிய இடத்தை அது கழுவுகிறது. கருவுக்கும் சுவருக்கும் கெடுதலும் செய்கிறது. நீர் சேர்ந்த குழாய் உள்ள பெண்களில் ஐவிஎஃப் வெற்றி ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்பது 1990களிலிருந்தே தெரிந்த விஷயம். ஸ்கண்டிநேவிய நாடுகளில் நடந்து 1999இல் வெளியான சோதனை, குழாயை முதலில் அகற்றிவிட்டுக் கரு வைத்தால், முக்கியமாக ஸ்கேனிலேயே தெரியும் அளவுக்கு வீங்கியிருந்தால், பலன் கூடுகிறது என்று காட்டியது.

நான் செய்தது ஒரு கடிதம் எழுதியது மட்டும்தான். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் வீஓஜி (பெண்நோயியல் நிபுணர்) டொக்டர் ஸ்கேன் பண்ணினார். வலப்பக்கம் வீங்கிய குழாய் அப்படியே தெரிந்தது. முந்தைய சுற்றின் ஸ்கேன் படங்களில் அதே இடத்தில் ஒரு கறுப்பு நீள்வட்டம் இருந்தது, "சூலக நீர்க்கட்டி" என்ற குறிப்போடு. 2023 ஓகஸ்டில் லப்ரொஸ்கோப் வழியாக வலக் குழாயை அகற்றினார்கள். செலவு, போக்குவரத்தும் சாப்பாடும்.

அந்த இடைவெளியில் இரும்புச்சத்து ஏற்றி ஈமோகுளோபின் 11.8க்கு வந்தது. டீச்சரின் கணவர் கேட்டு வாங்கிக்கொண்டு, ஸ்டோரில் கொழுந்தை வாட்டும் மாடிக்கு மாறினார். சில மாதம் கழித்து விந்தணு எண்ணிக்கை 13 மில்லியன்.

மூன்றாவது மாற்றீடு

2024 ஜனவரி. "ஏஏவே நிக்கல, இந்தக் கடைசி எங்க நிக்கப்போவுது? அந்தக் காச கடனுக்குக் கட்டலாமே" என்றார் டீச்சரின் அம்மா. நிலையத்துக்கும் அவ்வளவு ஆர்வமில்லை. ஆனால் ஏற்கனவே உருவாகி, உறைந்து, காத்திருக்கும் கருவை வைப்பதற்கு ஆகும் செலவு புதிய சுற்றில் ஒரு சிறு பகுதி. ஊசியும் மயக்கமும் இல்லை. தரம் குறைந்த கருவுக்கு வாய்ப்பு குறைவே தவிர இல்லாமல் போகவில்லை. டீச்சரே முடிவெடுத்தார்.

மாத்திரைகளால் சுவரைத் தயார்படுத்தி, 8.5 மில்லிமீற்றர் தடிப்பு வந்ததும் புரொஜெஸ்டரோன் தொடங்கி, ஆறாம் நாள் கரு வைக்கப்பட்டது. உருகிய இரண்டு மணி நேரத்தில் மறுபடி விரிந்திருந்தது, அது நல்ல அறிகுறி. மறுநாள் பாடசாலைக்குப் போனார். பதினொராம் நாள் பீட்டா 168. இரண்டு நாள் கழித்து 372. ஏழாம் வாரத்தில் இதயத் துடிப்பு.

கர்ப்பம் முழுக்கச் சுகமாகப் போனது என்று சொல்ல முடியாது. மாத்திரையால் தயார்படுத்திய சுற்றில் முட்டை வெளிவருவதில்லை. அது வெளிவந்த இடத்தில் உண்டாகும் மஞ்சள் உடலமும் இல்லை. இப்படியான கர்ப்பங்களில் இரத்த அழுத்தக் கோளாறு சற்றுக் கூடுதல். அதனால் தொடக்கத்திலிருந்தே குறைந்த அளவு அஸ்பிரின் கொடுத்தார்கள். இருந்தும் 36ஆம் வாரத்தில் அழுத்தம் ஏறியது, 37இல் சிசேரியன்.

இந்தக் கோப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்

நீர் சேர்ந்த குழாயை எடுத்ததால்தான் பிள்ளை நின்றது என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 33 வயதில் நல்ல பிளாஸ்டோசிஸ்ட் ஒன்று குழந்தையாகும் வாய்ப்பு 45 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது தவறும் வாய்ப்பு 55. இரண்டு அடுத்தடுத்துத் தவறும் வாய்ப்பு 30. அதாவது, எந்தக் கோளாறும் இல்லாத பத்துத் தம்பதிகளில் மூன்று பேருக்கு இரண்டு நல்ல கருக்களும் சும்மாவே தவறும். முதல் இரண்டிலும் நிறமூர்த்தப் பிழை இருந்திருக்கலாம்; மூன்றாவது மட்டும் சரியாக அமைந்திருக்கலாம். குழாய் அப்படியே இருந்திருந்தாலும் அது நின்றிருக்கலாம். ஒரு கோப்பால் இதைப் பிரிக்க முடியாது. குழாயை எடுப்பது சரி என்று சொல்லவைப்பது ஸ்கண்டிநேவியச் சோதனை, டீச்சரின் பிள்ளையல்ல.

ஆனால் வரிசை பற்றி ஒன்று சொல்லலாம். முதல் கருவை வைப்பதற்கு முன்னால் அந்தக் குழாயைப் பார்த்திருக்க வேண்டும். பையில் படம் இருந்தது, வரி இருந்தது, ஸ்கேனில் கறுப்பு நீள்வட்டம் இருந்தது. 4ஏஏ என்ற எழுத்து எல்லோருக்கும் கொடுத்த தெம்பில், நிலம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது டீச்சர் கேட்பது அடுத்த பிள்ளை பற்றி. உறைநிலையில் கரு எதுவும் மிஞ்சவில்லை. இடக் குழாய் திறந்திருக்கிறது, கணவரின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, நீர் வடியும் குழாய் போய்விட்டது. இயற்கையாக முயல்வதற்குத் தடை ஒன்றுமில்லை. நகை அடகிலிருந்து மீளும்வரை புதிய சுற்று இல்லை என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒரு வருடம் முயன்றும் நிற்காவிட்டால் வயதைப் பார்த்து மேலும் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதற்கிடையில் ஏஎம்எச் ஒருமுறை பார்க்க எழுதிக் கொடுத்தேன். கணவரை மறுபடி ட்ரையருக்கு அனுப்ப வேண்டாம் என்று தோட்டத்து நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.